கல்லூரிப் பொருளுதவி நிருவாகம்: அதன் படிகளும் தலைமையும்

கல்லூரியிற் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த இடங்கள் பல. வகுப்பறையை அறியாதார் இலர். நூல்நிலையத்தையும் விளையாட்டு வெளியையும் அறியாதார் மிகச் சிலரே. இவற்றின் வேறாகப் பிறிதோர் அறையும் உண்டு. கல்விச் சம்பளத்திற்கு வழியற்ற மாணவன் தயங்கித் தயங்கிச் சென்று அதன் வாயிலில் நிற்பான். அவ்வறையில் அமர்ந்திருப்பவர் பாடஞ் சொல்பவர் அல்லர். பரீட்சைத் தாள் திருத்துபவரும் அல்லர். பட்டமளிப்பு விழா மேடையில் அவரைக் காண்டலும் அரிது. ஆயினும், அடுத்த பருவத்தில் அம்மாணவன் வகுப்பில் அமர்வானோ, பெட்டியுடன் ஊருக்குத் திரும்புவானோ என்பது அவர்தம் தீர்ப்பைப் பொறுத்தே நிற்கின்றது. இத்தகைய பொறுப்புடைய பணியைப்பற்றிச் சிறிது ஆராய்தல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

இப்பணி தனித்தொழிலாக வளர்ந்து, தனக்கென விதிகளும் சங்கங்களும் பதவிப் படிகளும் பெற்று விளங்குவது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆகும். ஆதலின், அந்நாட்டு வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். இத்தொழில் எவ்வாறு தோன்றிற்று? இதனுட் புகுவோர் எப்படிகளின் வழியே உயர்கின்றனர்? இதிற் சிறந்த தலைவர் எனப்படுபவர் யாவர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவில் ஏழை மாணவர்க்கென முதன்முதல் அளிக்கப்பட்ட கொடை, ஹார்வர்டு கல்லூரி தோன்றிய சில ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தது. 1643ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்த ஆன் மவுல்சன் என்னும் சீமாட்டி, வறிய மாணவன் ஒருவனை ஆண்டுதோறும் தாங்குமாறு 100 பவுன் அளித்தார். ராட்கிளிப் என்பது அவ்வம்மையார் பிறந்த குடியின் பெயர். இருநூற்றைம்பது ஆண்டுகட்குப் பின், 1894இல், பெண்களுக்கென ஹார்வர்டை அடுத்து அமைந்த கல்லூரிக்கு அப்பெயரே இடப்பட்டது. ஒரு சிறு கொடை எத்துணைக் காலம் நினைவில் நின்றது, காண்மின்!

அது முதல் மூன்று நூற்றாண்டுகள் வரை பொருளுதவி என்பது பெரும்பாலும் செல்வர் வைத்த நிதியின் வட்டியாகவே இருந்தது. அதனை யாருக்கு அளிப்பதென்பதைக் கல்லூரித் தலைவரோ ஆசிரியர் சிலர் கூடிய குழுவோ முடிவு செய்வது வழக்கம். இதற்கெனத் தனி அலுவலகம் வேண்டுமென எவரும் கருதிற்றிலர். கெண்டக்கி மாகாணத்துப் பெரியா கல்லூரி போன்ற சில, வேறு வழி வகுத்துக்கொண்டன. அக்கல்லூரி 1892 முதல் எம்மாணவரிடத்தும் கல்விச் சம்பளம் வாங்குவதில்லை. மாணவர் யாவரும் கல்லூரியில் ஏதேனும் ஒரு வேலை செய்தே பயில்கின்றனர்.

அரசாங்கம் இத்துறையிற் கை வைத்தது பொருளாதார நெருக்கடிக் காலத்திலாகும். 1935இல் தேசீய இளைஞர் நிருவாகம் என்னும் அமைப்புத் தோன்றி, மாணவர்க்குக் கல்லூரியிலேயே பகுதி நேர வேலை கொடுத்து ஊதியம் அளித்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் அவ்வமைப்பின் தலைமையை ஏற்றவர் இருபத்தாறு வயதினரான லிண்டன் ஜான்சன் ஆவர். சான் மார்க்கஸ் நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அவரும் வேலை செய்துகொண்டே பயின்றவர். இடையிற் படிப்பை நிறுத்தி, கொட்டூலா என்னும் சிற்றூரில் மெக்ஸிகோ நாட்டு மரபினரான ஏழைச் சிறுவர்க்கு ஆசிரியராக இருந்து பொருள் ஈட்டி மீண்டவர். வறுமையை நூலிற் கற்றவரல்லர்.

அடுத்து நிகழ்ந்தது பெரு வெள்ளம் போன்றது. 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் நிறைவேறிய போர்வீரர் மறுவாழ்வுச் சட்டத்தினால், உலகப்போரினின்று மீண்டவருள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளிற் புகுந்தனர். அவர்தம் கல்விச் சம்பளத்தை அரசாங்கமே செலுத்திற்று. விண்ணப்பங்களையும் கணக்குகளையும் பார்ப்பதற்குக் கல்லூரிகள் தனி ஆட்களை அமர்த்த வேண்டியதாயிற்று. பிற்காலத்துப் பொருளுதவி அலுவலகங்கள் பலவற்றுக்கு வித்து இதுவே.

1957ஆம் ஆண்டு அக்டோபரில் ருஷ்யா செயற்கைத் துணைக்கோளை வானில் ஏவியது. கல்வியிற் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்கரைப் பற்றியது. அதன் பயனாக 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ்க் கல்லூரிகளே மாணவர்க்குக் குறைந்த வட்டியிற் கடன் கொடுத்து, அவற்றைத் திரும்ப வாங்கும் பொறுப்பையும் ஏற்றன. 1964இல் வேலையோடு கூடிய கல்வித் திட்டம் வந்தது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், அப்போது நாட்டின் தலைவராயிருந்த ஜான்சன், தாம் பயின்ற சான் மார்க்கஸ் கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்திற் கையெழுத்திட்டார். 1972இல் அடிப்படை மானியம் ஒன்று ஏற்பட்டது. அதற்கு அரும்பாடுபட்ட ரோடு ஐலண்டு மாகாணத்துச் செனட்டர் கிளேபர்ன் பெல் அவர்களின் பெயரால், 1980 முதல் அது பெல் மானியம் என வழங்குகின்றது. 2023-24ஆம் கல்வியாண்டில் ஒரு மாணவர் அதனாற் பெறக்கூடிய உச்சத்தொகை 7,395 டாலர்.

சட்டங்கள் பெருகப் பெருக அவற்றைக் கற்று நடத்துவோரும் பெருகினர். 1966இல் பொருளுதவி நிருவாகிகள் நாடளாவிய சங்கமொன்றை அமைத்துக்கொண்டனர். ஆசிரியர் குழுவின் மாலைநேர வேலையாக இருந்தது இங்ஙனம் ஒரு தொழிலாயிற்று.

2. அலுவலகத்தின் வேலை

இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு எளிது. ஓராண்டுப் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவை முதலில் எழுதுக. கல்விச் சம்பளம், உணவு, இருப்பிடம், நூல், பயணம் யாவும் இதில் அடங்கும். குடும்பத்தினரால் இயலும் தொகையை அதனின்று கழிக்க. எஞ்சியதே அம்மாணவனது தேவை. செலவு 30,000 டாலர், குடும்பத்தால் இயல்வது 8,000 டாலர் எனக் கொள்வோமாயின், தேவை 22,000 டாலர். இதனை நிரப்புதற்குரிய பொருள்கள் மூன்று: திருப்பித் தர வேண்டாத மானியமும் உபகாரச் சம்பளமும், உழைத்துப் பெறும் ஊதியம், திருப்பித் தர வேண்டிய கடன். இம்மூன்றையும் எவ்வளவில் எவ்வளவு கலப்பது என்பதிலேயே நிருவாகியின் திறமை விளங்கும். மானியம் மிகுந்தால் நிதி பலருக்கு எட்டாது. கடன் மிகுந்தால் மாணவன் பட்டத்தோடு சுமையையும் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியேறுவான். வேலை மிகுந்தாற் படிக்க நேரமிராது.

குடும்பத்தின் ஆற்றலை அளப்பதற்கு அரசாங்கத்தின் பொது விண்ணப்பம் ஒன்றுண்டு. தாய் தந்தையரின் வருமானம், குடும்பத்தின் அளவு முதலியன அதில் விளங்கும். விண்ணப்பம் வந்தபின் சிலரது கணக்கை வரித்தாள்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். உதவி பெறுவோர் படிப்பிற் போதிய தேர்ச்சி பெற்று வருகின்றனரா என்பதை ஆண்டுக்கு ஒரு முறையேனும் காணல் வேண்டும். பருவத்தின் நூற்றுக்கு 60 பங்கு கழியுமுன் ஒருவன் கல்லூரியை விட்டு நீங்குவானாயின், கழிந்த நாட்களுக்குரிய உதவியே அவனுக்கு உரியதாகும். எஞ்சியதைக் கணக்கிட்டு அரசாங்கத்திற்குத் திருப்புதல் வேண்டும். கடன் வாங்குமுன்னும் கல்லூரியை விட்டுச் செல்லும்போதும் மாணவர்க்குக் கடனின் இயல்பை எடுத்துரைத்தலும் சட்டம் விதித்த கடமையாம்.

இவ்விதிகளுள் ஒன்று சிந்தித்தற்குரியது. இன்னாருக்கு இவ்வளவு என்று ஆணையிடும் அலுவலகமும், அப்பணத்தை எடுத்துக் கொடுக்கும் அலுவலகமும் ஒன்றாயிருத்தல் கூடாது. பொருளுதவித் தலைவர் தீர்மானிப்பார். பர்சார் பணத்தைச் செலுத்துவார். ஒருவரது கையையே முழுதும் நம்பாமல், ஒரு கையை மற்றொரு கை காணுமாறு வைத்தனர். நேர்மையுடையார்க்கும் இது காப்பேயாகும். அவர்மீது வீண்பழி விழாதன்றோ?

3. பதவிப் படிகள்

மருத்துவராக விழைவோன் மருத்துவக் கல்லூரியிற் சேர்வான். வழக்கறிஞராக விழைவோன் சட்டம் பயில்வான். பொருளுதவி நிருவாகியாக வேண்டுமென்று இளமையிலேயே எண்ணித் தனிப்பட்டம் பெற்று வருவோரைக் காண்டல் அரிது. இத்தொழிலில் இருப்போர் பலர் வேறு வாயில்களால் இதனுட் புகுந்தவர்களே. கணக்குப் படித்தவரும் உளர். மனநூல் படித்தவரும் உளர். இலக்கியம் படித்தவரும் உளர்.

முதற்படியிற் பெரும்பாலும் நிற்பவர் மாணவரே. வேலைத் திட்டத்தின் கீழ் உதவி பெறும் மாணவன் அவ்வலுவலகத்தின் முன்மேசையிலேயே அமர்ந்து, வருவோரை வரவேற்று, தாள்களை அடுக்கி, தொலைபேசிக்கு விடை சொல்லுகின்றான். உதவி கேட்டு நிற்பதன் கூச்சம் யாதென்பது அவனுக்குத் தெரியும். இவ்வறிவு பின்னர் எப்பரீட்சையாலும் பெறலாகாதது.

இரண்டாம் படி ஆலோசகர் பதவி. இதற்குப் பட்டம் பெற்றிருத்தல் பொதுவாக வேண்டப்படும். விண்ணப்பங்களை ஆராய்தலும், குடும்பத்தாரோடு நேரிற் பேசுதலும், சட்ட விதிகளை எளிய சொற்களில் விளக்குதலும் இவரது வேலை. விதிகளோ ஆண்டுதோறும் மாறுவன. ஆதலால் ஆலோசகர் எஞ்ஞான்றும் மாணவரேயாவர். சங்கங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளும் பரீட்சைகளும் இதற்குத் துணை செய்கின்றன.

மூன்றாம் படியில் உதவித் தலைவரும் துணைத் தலைவரும் இருப்பர். கடன், மாணவர் வேலை, கணிப்பொறி ஏற்பாடு, சட்ட ஒழுங்கு என்னும் கிளைகளுள் ஒன்றோ இரண்டோ இவர்தம் பொறுப்பில் அமையும். பிறரை வேலை வாங்கும் பயிற்சி இப்படியிலேயே தொடங்கும். விரைந்து கணக்கிடத் தெரிந்தவர் யாவரும் பிறரை வழி நடத்தத் தெரிந்தவராகார். ஆலோசகராயிருந்தபோது தாமே செய்து முடித்த வேலையைப் பிறர் கையில் விட்டு, பிழை நேர்ந்தவிடத்துப் பழியைத் தாம் ஏற்று, புகழைப் பிறர்க்குக் கொடுக்கப் பழகுதல் வேண்டும். இதிற் பலர் இடறுவர்.

நான்காம் படி பொருளுதவித் தலைவர் பதவி. இதற்கு முதுகலைப் பட்டம் பல கல்லூரிகளில் விரும்பப்படுகின்றது. கல்லூரியின் அரசாங்கப் பணம் முழுவதற்கும் தகுதி வாய்ந்த ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டுமென்பது விதி, அவரே இவர். இவருக்கு மேலும் வழிகள் உள. சிலர் சேர்க்கைத் துறை முழுவதற்கும் துணைத் தலைவராகின்றனர். சிலர் டீன் ஆகின்றனர். சிலர் மாகாண அலுவலகங்களுக்கும் நாடளாவிய சங்கங்களுக்கும் செல்கின்றனர். சிறு கல்லூரிகளிலோ இப்படிகள் யாவும் ஒருவர் இருவரிடத்தே ஒடுங்கிவிடும். காலையில் முன்மேசையில் இருந்தவரே மாலையில் அரசாங்கத்திற்கு அறிக்கை எழுதுவார். அவர் பெயருக்கு முன் எப்பட்டப்பெயர் நிற்பினும், தலைமை அவரிடத்தும் உண்டு.

4. தலைமைக்குரிய சோதனைகள்

படியேறுதல் வேறு, தலைமை வேறு. இத்தொழிலில் தலைவரை உரைத்துப் பார்க்கும் உரைகற்கள் நான்கினைக் கூறுவோம்.

முதலாவது, விதிக்கும் இரக்கத்திற்கும் இடையே நிற்கும் சோதனை. 2024-25ஆம் கல்வியாண்டிற்குரிய விண்ணப்பம் கேட்டது 2022ஆம் ஆண்டின் வருமானத்தை. அவ்வாண்டில் நல்ல ஊதியம் பெற்ற தந்தை ஒருவர் 2024இல் வேலையிழந்தார் எனக் கொள்வோம். கணக்கின்படி அவர் செல்வர். உண்மையில் அவர் வீட்டில் அடுப்பெரிதல் அரிது. இத்தகைய நிலையிற் கணக்கை மாற்றும் உரிமையைச் சட்டம் பொருளுதவி நிருவாகிக்கு அளித்திருக்கின்றது. அவ்வாறே, 24 வயதிற்குட்பட்டோர் பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவர். எனினும், கொடுமை தாங்காது வீட்டை விட்டு நீங்கிய பிள்ளையைத் தனித்தவராகக் கொள்ளவும் நிருவாகி ஆணையிடலாம். ஒவ்வொரு மாணவரின் நிலையையும் தனித்தனியே ஆராய்தலும், காரணத்தைச் சான்றுடன் எழுதி வைத்தலும் இதற்கு நிபந்தனைகள்.

இவ்வுரிமையைச் செலுத்த அஞ்சுவோர் உண்டு. மாற்றிவிட்டுப் பின்னர்த் தணிக்கையாளர்க்கு விடை கூறுவதினும், மாற்ற இயலாதெனச் சொல்லிவிடுதல் எளிதன்றோ? இது கருதியே, 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய சட்டமொன்று, இத்தகைய வேண்டுகோள் யாவற்றையும் ஒருங்கே மறுக்கும் வழக்கத்தை எக்கல்லூரியும் கைக்கொள்ளலாகாது என விதித்தது. விதி தானே, ‘கதவை அடைத்து வையாதே’ என்று கூற நேர்ந்தது. நல்ல தலைவர் தம் ஆலோசகர்க்கு விதியின் வரம்பைக் கற்பிப்பார். அவ்வரம்பினுள் எத்துணை இடம் இருக்கின்றதென்பதையும் கற்பிப்பார்.

இரண்டாவது, கைச்சுத்தம் பற்றிய சோதனை. முற்காலத்து மாணவர் கடன்களுட் பெரும்பகுதியை அரசாங்கத்தின் பிணையின்மேல் வங்கிகளும் கடன் கம்பெனிகளும் கொடுத்து வந்தன. எக்கம்பெனியிடம் வாங்கலாம் என்று மாணவர் கேட்பர். கல்லூரி ஒரு பட்டியலைக் காட்டும். அப்பட்டியலில் இடம்பெறுதல் கம்பெனிக்குப் பெரும் இலாபம். 2007இல் நியூயார்க்கு மாகாணத்துத் தலைமை வழக்கறிஞர் நடத்திய விசாரணையில், நிருவாகிகள் சிலர் அத்தகைய கம்பெனியிற் பங்குகள் வைத்திருந்ததும், ஆலோசனைக் கூலி பெற்றதும் வெளியாயின. பல்லாண்டு உழைத்துப் பெற்ற பதவியை அவருட் சிலர் இழந்தனர். 2008இல் நிறைவேறிய சட்டம் அன்பளிப்புகளைத் தடுத்து ஒழுக்க விதிகளை வகுத்தது. 2010ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி, அரசாங்கப் பிணையுடன் கம்பெனிகள் புதுக்கடன் கொடுக்கும் முறையே ஒழிந்தது. அரசாங்கமே நேரிற் கடன் கொடுக்கலாயிற்று. இதனால் நாம் அறிவது யாது? மாணவன் நிருவாகியின் சொல்லைக் கேட்பது, அவர் தனக்காகப் பேசுகின்றார் என்னும் நம்பிக்கையினால். அந்நம்பிக்கையை விற்றவரிடம் பதவி இருப்பினும் தலைமை இல்லை.

மூன்றாவது சோதனை நுண்ணியது. நல்லோரையும் மயக்க வல்லது. 1970களில் மாணவர் தொகை குறையுமோ என்ற கவலை கல்லூரிகளைப் பிடித்தது. அக்காலத்தில் பாஸ்டன் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்குப் பொறுப்பாயிருந்த ஜாக் மகையர் என்பார், சேர்க்கையையும் பொருளுதவியையும் ஒரே திட்டமாக இணைத்து நடத்தும் முறையை வகுத்தார். இம்முறை பல கல்லூரிகளைக் காத்தது. ஆயின், இதனுள் ஓர் இடரும் உறைகின்றது. ஓராண்டுச் சம்பளம் 40,000 டாலர், அலுவலகத்தின் கையில் உள்ளது 20,000 டாலர் எனக் கொள்க. அதனை ஏழை மாணவன் ஒருவனுக்கே கொடுத்தால், கல்லூரிக்கு அவனால் வருவது 20,000 டாலர். அதனையே நான்காகப் பகுத்து, வேறிடஞ் செல்ல எண்ணியிருந்த செல்வர் பிள்ளைகள் நால்வர்க்கு ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்து ஈர்த்தால், அவர்களால் வருவது 1,40,000 டாலர். கணக்கறிந்தோர் எவரும் இரண்டாவதையே நாடுவர். கல்லூரியின் வரவு செலவும் ஒத்து நிற்றல் வேண்டும். கல்லூரியே மூடப்படின் ஏழைக்கும் இடமில்லை. இதனைத் தலைவர் மறத்தல் கூடாது. எனினும், ஆலோசனைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வருவாயைப் பேசும்போது, அங்கு வாராத அவ்வேழை மாணவனுக்காகப் பேசும் குரல் ஒன்றேனும் எழுதல் வேண்டும். அக்குரல் பொருளுதவித் தலைவருடையதாக இல்லையேல் வேறெவருடையதாக இருக்கும்?

நான்காவது, நெருக்கடியிற் கலங்காமை. நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களையுடையதாயிருந்த அரசாங்க விண்ணப்பத்தைச் சுருக்குமாறு சட்டம் ஆணையிட, புதிய விண்ணப்பம் 2024-25ஆம் கல்வியாண்டிற்கென அமைந்தது. நோக்கம் நன்று, நிறைவேற்றம் குழப்பமாயிற்று. அக்டோபர் முதல் நாள் திறக்கப்படுவது வழக்கமாயிருந்த விண்ணப்பம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியிலேயே திறந்தது. மாணவரின் விவரங்கள் கல்லூரிகளுக்கு 2024 மார்ச்சு மாதத்திலேதான் வரத் தொடங்கின. தாய் தந்தையர்க்குச் சமூகக் காப்பு எண் இல்லாத மாணவர் பலர் விண்ணப்பத்தை முடிக்கவும் இயலாது தவித்தனர். தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அறியாமலே எக்கல்லூரியிற் சேர்வதென்று முடிவு செய்ய வேண்டிய நிலை! அக்காலத்திற் கல்லூரிகள் பல, மே முதல் நாள் என்றிருந்த தவணையைத் தள்ளி வைத்தன. பிழை அரசாங்கத்தினுடையதாயினும் கண்ணீர் வந்தது அலுவலகத்தின் முன்மேசைக்கே. அறிந்ததை அறிந்தவாறே சொல்லி, பொய்யான உறுதி கொடாமல், தம் அலுவலரைச் சோர்வடையாமற் காத்த தலைவரே அவ்வாண்டில் தலைவர் எனத் தக்கவர்.

5. ஒருவர் வாழ்க்கை

இதுகாறும் கூறியவற்றை ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துக் காண்போம். ஜான் மன்றோ என்பார் ஹார்வர்டிற் பயின்றவர். இரண்டாம் உலகப்போரிற் கடற்படையிற் பணிபுரிந்து மீண்டபின் ஹார்வர்டின் அலுவல்களில் அமர்ந்தார். 1950களில் அதன் பொருளுதவித் துறைக்குத் தலைவராயிருந்தார்.

அக்காலத்தில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. கூரிய அறிவுடைய மாணவன் ஒருவனைத் தத்தம் பக்கம் இழுத்தற்பொருட்டுக் கல்லூரிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உபகாரச் சம்பளத்தை உயர்த்தின. பணம் வேண்டாதவனிடத்தே பணம் குவிந்தது. வேண்டியவனுக்குக் கையிருப்பு இல்லாதொழிந்தது. இதனைக் கண்ட மன்றோ, குடும்பத்தின் வருமானத்தைக்கொண்டு அதன் ஆற்றலை ஒரே சீராக அளக்கும் கணக்கு முறையொன்றை உருவாக்கினார். கல்லூரிகள் பல ஒன்று கூடி 1954இல் ஏற்படுத்திய உபகாரச் சம்பளப் பொது அலுவலகத்திற்கு இம்முறையே அடிப்படையாயிற்று. நாம் மேலே கண்ட ‘செலவிற் கழிய எஞ்சுவதே தேவை’ என்னும் கணக்கின் வேர் இதுவே. நேர்மை என்பதை ஓர் உணர்ச்சியாக விட்டுவிடாமல், எவரும் கையாளக்கூடிய முறையாக ஆக்கித் தந்தமையே அவர் செய்த பேருதவி.

1958இல் அவர் ஹார்வர்டு கல்லூரியின் டீன் ஆனார். பொருளுதவி அலுவலகத்திலிருந்து இத்துணை உயரம் ஏறியதே வியப்பு. இதனினும் வியப்பு அடுத்து நிகழ்ந்தது. அலபாமா மாகாணத்திற் பர்மிங்ஹாம் நகரை அடுத்துக் கறுப்பின மாணவர் பயிலும் மைல்ஸ் கல்லூரி என்றொரு சிறு கல்லூரி உண்டு. கோடை விடுமுறைகளில் அங்குச் சென்று கற்பித்து வந்த மன்றோ, 1967இல் ஹார்வர்டின் டீன் பதவியைத் துறந்து, அக்கல்லூரியின் முதலாண்டு மாணவர் படிப்பைக் கவனிக்கும் வேலையை ஏற்றார். வறிய குடும்பங்களினின்றும் வந்த அம்மாணவர்க்கு எழுத்துப் பயிற்சியும் படிப்புப் பயிற்சியும் அளிப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். பின்னர் 1978இல் மிசிசிப்பி மாகாணத்து டூகலூ கல்லூரிக்குச் சென்று, முதுமையிலும் பல்லாண்டு ஆசிரியராயிருந்தார். 2002இல் அவர் காலமானார்.

உலகத்தார் கணக்கில் அவர் படியிறங்கினார். அவரோ, தாம் ஒரு காலத்தில் எண்களாற் கணக்கிட்ட தேவையை மாணவரின் முகத்திற் கண்டு பணி செய்யச் சென்றார். பொருளுதவி என்பது மாணவனை வாயிலுக்குள் கொண்டுவந்து விடும். உள்ளே வந்தவன் நிலைத்து நின்று தேறுதற்கு ஆசிரியன் வேண்டும். இரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை அவர் தம் வாழ்க்கையாற் காட்டினார்.

முடிவுரை

இத்தொழிலின் பயன் சிறிதன்று. இதன் குறையும் சிறிதன்று. 2024ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களுள் 4 கோடிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 1,60,000 கோடி டாலர் கல்விக்கடன் அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டியவராயிருந்தனர். உதவி என்ற பெயரால் தொடங்கியது பலருக்கு நீண்ட சுமையாயிற்று. மானியத்தையும் கடனையும் கலக்கும் அளவு தனி நிருவாகி ஒருவர் கையில் மட்டும் இல்லை. சட்டமும் கல்விச் சம்பளத்தின் ஏற்றமும் அதனை நிருணயிக்கின்றன. எனினும், கையெழுத்திடுமுன் மாணவனை நோக்கி, ‘இதனை நீ எவ்வாறு திருப்பித் தருவாய்?’ என்று ஒரு நாழிகை அமர்ந்து பேசும் நிருவாகி அச்சுமையிற் சிறிதேனும் குறைக்க வல்லவர்.

மாணவ நண்பர்களே, நும்முள் உபகாரச் சம்பளம் பெற்றுப் பயில்வோர் பலர் இருக்கலாம். பெறுதலில் இழிவில்லை. பிற்காலத்தில் நும்முட் சிலர், கல்லூரியிலோ வேறு நிலையத்திலோ, அம்மேசைக்கு அப்பால் அமர்ந்து பிறர் விண்ணப்பத்தைப் பார்க்கும் நிலையினை அடையக்கூடும். அந்நாளில் விதிநூலை நன்கு கற்றிருங்கள். கணக்கிற் பிழை செய்யாதிருங்கள். எவருடைய அன்பளிப்பையும் ஏலாதிருங்கள். இவை யாவற்றோடும், வாயிலில் தயங்கி நின்ற நாளையும் மறவாதிருங்கள். அதனை நினைவிற் கொண்டவர் முதற்படியில் நிற்பினும் தலைவரே. மறந்தவர் எவ்வளவு உயர ஏறினும் வெறும் அலுவலரே.